எழுத்தும் கடனும்

"நெடுநாட்களாக உமது எழுத்தைக் காணவில்லையே, பேனாவை மூடி வைத்துவிட்டீரா?" என்று அன்பர் சிலர் கடிதம் எழுதிக் கேட்டுள்ளனர். வேறு சிலர், "அடுத்த நூல் எப்பொழுது? இப்பொழுது என்ன வாசிக்கின்றீர்? எந்தப் பாடசாலையிற் கற்பிக்கின்றீர்?" என்று வினவியுள்ளனர். இக்கேள்விகளுக்குத் தனித்தனியே மறுமொழி எழுதுவதிலும் பொதுவாக ஒரு கட்டுரையில் விடையிறுத்தல் நலமெனத் தோன்றியது. ஓர் எழுத்தாளன் தன்னைப்பற்றித் தானே எழுதுவதிற் கூச்சமுண்டு. ஆயினும் வணிகன் ஆண்டுதோறும் கணக்கு முடிக்கின்றான்; சங்கங்கள் பொதுக்கூட்டங் கூட்டி வரவு செலவை வாசிக்கின்றன. வாசகரின் பணத்தையும் நேரத்தையும் பெற்றுக்கொண்ட எழுத்தாளன் மட்டும் கணக்குக் காட்டாதிருப்பது எவ்வாறு நியாயமாகும்?

கணக்கைக் கட்டிலின் கீழிருந்து தொடங்குவோம். எமது வாடகை வீட்டிலே, நாம் உறங்குங் கட்டிலின் கீழ், மூன்று கடதாசிப் பெட்டிகளில் 112 நூல்கள் கிடக்கின்றன. 2017ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் நாம் வெளியிட்ட முதற் சிறுகதைத் தொகுதியின் எஞ்சிய பிரதிகள் அவை. அவை அங்கே கிடப்பதற்குக் காரணம் விற்பனையின்மை மட்டுமன்று. அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் விற்பனையைச் சொல்லிவிடுவோம். பதிப்பகமெதுவும் எம்மைத் தேடி வந்ததில்லை. ஈழத்திற் பெரும்பாலான தமிழ் எழுத்தாளர் நிலை இதுவே. எழுதுபவனே முதலீட்டாளன், அவனே மெய்ப்புத் திருத்துபவன், அவனே சுமைதூக்கி, அவனே விற்பனையாளன். 136 பக்கத்தில் 300 பிரதிகள் அச்சிட 84,000 ரூபா ஆயிற்று. அன்று அது எமது இரண்டு மாதச் சம்பளத்தினுஞ் சற்று அதிகம். தாயாரின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. மிகுதி, ஆசிரியர் அறையிற் பிடித்த சீட்டுப் பணம். விலை 300 ரூபா என்று பின்னட்டையிற் போட்டோம். வெளியீட்டு விழாவன்று 71 பிரதிகள் போயின. ஆசிரிய நண்பர்கள் 46 பிரதிகளை வாங்கினர். கடைகளில் வைத்த 50இல் 23 விற்றன. 27 திரும்பி வந்தன. அன்பளிப்பாகவும் மதிப்புரைக்காகவும் கொடுத்தவை 48. கடைக்காரர் நூற்றுக்கு நாற்பது வீதம் கழிவு எடுத்துக்கொள்வதால், ஒரு பிரதிக்கு எமக்கு வந்தது 180 ரூபா. ஒரு பிரதியை அச்சிட ஆனதோ 280 ரூபா. கடையில் எத்துணை நூல் விற்றதோ அத்துணைக்கு நட்டம். கையிற் சேர்ந்த மொத்தம் 39,240 ரூபா. செலவில் அரைவாசிக்குங் குறைவு.

இதனை நாம் முறைப்பாடாகச் சொல்லவில்லை. தன் கைப்பொருளை இழந்து நூல் பதிப்பித்தல் எம் மண்ணுக்குப் புதிதன்று. ஆறுமுக நாவலர் 1849இற் சென்னை சென்று அச்சியந்திரங் கொணர்ந்து வண்ணார்பண்ணையில் நிறுவினார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, செல்லரித்த ஏடுகளை ஊரூராய்த் தேடி, 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றினார். ஆனால் அவர்களுடைய அச்சுக்கூடத்து வாசல் எல்லாருக்குந் திறந்திருந்ததென்று எவருங் கூறார். கல்வி ஒருசாராரின் உடைமையாயிருந்த சமுதாயம் அது. அவ்வாசலை உடைத்துத் திறந்தவர்கள் பின்னே வந்தனர். யாழ்ப்பாண நகரிலே சிகையலங்கார நிலையத்திற் கத்தரிக்கோல் பிடித்த கைகளால் 1966 ஆகஸ்டில் 'மல்லிகை'யைத் தொடங்கிய டொமினிக் ஜீவா, அவ்விதழ்களைத் தாமே சுமந்து வீதி வீதியாக விற்றார். நாற்பதாண்டுகளுக்கு மேலாக அதனை நடத்தினார். 2021 சனவரியில் அவர் மறைந்தபோது எமது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவருக்கு அவருடைய வாழ்க்கையையே அன்றைய பாடமாக்கினோம். 'சுதந்திர எழுத்தாளன்' என்ற சொல்லுக்கு எமக்குத் தெரிந்த பொருள் அவர்தாம். பதிப்பாளனின் கட்டளைக்கு அடங்காதவன் என்பது அதன் பாதிப் பொருள். தன் எழுத்துக்குத் தானே வகைசொல்ல வேண்டியவன் என்பது மறுபாதி. இம்மறுபாதியை நாம் பிந்தியே கற்றோம்.

எம்மைப்பற்றிச் சிறிது. எம் தந்தையார் சுருட்டுக் கொட்டிலிற் சுருட்டியவர். அக்காலத்துக் கொட்டில்களில் ஒருவர் உரத்துப் பத்திரிகை வாசிப்பார். மற்றையோர் கைகள் ஓயாது சுருட்டியபடி கேட்டிருப்பர். எழுத்துக்கூட்டி மட்டும் வாசிக்கத் தெரிந்த எம் தந்தையார் நாவல்களின் முடிவுகளை விவாதிக்க வல்லவராயிருந்தது அவ்வாறே. 1995 அக்டோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்களோடு நாமும் செம்மணி வழியே தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தோம். எமக்கு அப்பொழுது ஏழு வயது. தந்தையார் தலையில் அரிசி மூட்டையும் கையில் எமது முதலாந் தர வாசிப்புப் புத்தகமும் இருந்தன என்று தாயார் சொல்லுவார். பின்னர் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றோம். அங்கேதான் 1960களின் மரபுப் போராட்டத்தைப்பற்றிப் படித்தோம். பேச்சுவழக்கைக் கதையிற் புகுத்துவோரை 'இழிசனர் வழக்கு' எழுதுவோரெனப் பண்டிதர் சிலர் பழித்தபோது, உழைக்கும் மக்களின் நாவிலுள்ள மொழிக்கு இலக்கியத்தில் உரிமையுண்டென முற்போக்கு எழுத்தாளர் வாதாடி நிலைநாட்டினர். அவ்வெற்றியின் பயனை நாமும் அனுபவிப்பதாக எண்ணிப் பெருமிதங் கொண்டோம். எமது முதற் கதை 2012இல் ஒரு சஞ்சிகையில் வெளியாயிற்று. 2014இல் வன்னியில் ஒரு பாடசாலைக்கு ஆசிரியராக நியமனம் பெற்றோம்.

இனி, பெட்டிகளுக்குள் இருக்கும் விடயத்துக்கு வருவோம்.

2016ஆம் ஆண்டின் இறுதித் தவணையில் பத்தாந் தர மாணவருக்கு 'எமது வீட்டில் ஒரு நாள்' என்ற தலைப்பிற் கட்டுரை எழுதக் கொடுத்தோம். முப்பத்தொரு கொப்பிகள் வந்தன. முப்பதிலே சேவல் கூவிற்று, சூரியன் உதித்தது, அம்மா தேநீர் தந்தார். ஒரு கொப்பியிலே மட்டும் புதன்கிழமை இருந்தது. நுண்கடன் நிறுவனமொன்றின் ஊழியர் மோட்டார் சைக்கிளில் வருவதும், தாய் உட்கதவின் பின்னே ஒளிப்பதும், மகள் படலையடியில் நின்று "அம்மா இல்லை" என்று சொல்லுவதும் அதில் எழுதப்பட்டிருந்தன. ஒன்றரைப் பக்கமே; எழுத்துப் பிழைகள் பல. ஆனால் அதை வாசித்தபின் அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

நுண்கடன் வடக்குக் கிழக்கில் என்ன செய்தது என்பதை வாசகர் அறிவர். போர் முடிந்த மண்ணிலே, தொழிலில்லாத குடும்பங்களுக்கு, பிணையாகச் சொத்துக் கேளாமற் கடன் கொடுத்தனர். ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்தி கட்டத் தவறினால் மற்ற நால்வரும் கட்டவேண்டும். பிணை நிலமன்று, நகையன்று. அயலாளின் முகமே பிணை. வட்டி நூற்றுக்கு 24 என்று சொல்லி, 50,000 ரூபாவுக்கு 12,000 ரூபா வட்டி சேர்த்து, 52 கிழமையிற் கட்டச் செய்வர். கிழமைதோறும் முதல் குறைந்துகொண்டே போகின்றது. வட்டியோ முழு முதலுக்கும் அறவிடப்படுகின்றது. ஆண்டு முழுவதையும் சராசரி பார்த்தாற் கடன்பட்டவரின் கையிலிருப்பது ஏறக்குறைய அரைவாசிப் பணமே. ஆகவே உண்மை வட்டி சொன்னதினும் ஏறக்குறைய இரு மடங்கு. பத்தாந் தரக் கணிதங் கொண்டு விளங்கக்கூடிய கணக்கு இது. ஆனால் அதனை விளக்கிக் கூற எவரும் முன்வரவில்லை.

அக்கட்டுரையை நாம் கதையாக்கினோம். பெயர்களை மாற்றினோம், படலையடிப் புளியமரத்தை மாற்றவில்லை, கதவின் நீல நிறத்தை மாற்றவில்லை, புதன்கிழமையையும் மாற்றவில்லை. 'மண்வாசனை' வேண்டுமல்லவா! தாய் கதவின் பின்னே வாயைப் பொத்தி அழுவதோடு கதையை முடித்தோம். தொகுதியிற் சிறந்த கதை இதுவேயென மதிப்புரையாளர் எழுதினர். வெளியீட்டு விழாவிலே பேச்சாளர் ஒருவர் அக்கதையின் கடைசிப் பந்தியை வாசித்தபோது சபை நிசப்தமாயிற்று. நாம் மேடையிலே தலைகுனிந்து அடக்கத்தோடு வீற்றிருந்தோம்.

நூலின் இரு பிரதிகளைப் பாடசாலை நூலகத்துக்குக் கொடுத்தோம். ஒரு மாதத்துக்குள் வகுப்பிலே ஒரு விளையாட்டுத் தொடங்கிற்று. அந்த மாணவி வாசலில் நுழையும்போதெல்லாம் பின்வாங்கிலிருந்து சில பையன்கள் குரலை மாற்றி "அம்மா இல்லை" என்பர். அதன் பொருள் எமக்கு இரண்டு நாள் பிந்தியே விளங்கிற்று. விளங்கியபோது அம்மாணவி பாடசாலைக்கு வருவதை நிறுத்தியிருந்தார்.

பையன்களை அழைத்துக் கண்டித்தோம். கண்டிக்கும்போதே எம் மனம் எம்மைக் கண்டித்தது. அவர்கள் செய்தது, நாம் அச்சிட்டு விற்றதைச் சத்தமிட்டுச் சொன்னது மட்டுந்தானே? மறுநாள் மாலை அவ்வீட்டுக்குச் சென்றோம். புளியமரமும் நீலக் கதவும் நாம் எழுதியபடியே நின்றன. அத்தாய் எம்மை முற்றத்திற் கதிரை போட்டு இருத்தி, தேநீரும் பனங்கட்டித் துண்டும் தந்தார். கோபித்திருந்தால் எமக்கு இலகுவாயிருந்திருக்கும். அவர் கோபிக்கவில்லை.

"சேர், நீங்கள் எழுதினது பொய்யில்லை. ஆனா எங்கட கதவைத் திறக்க முன்னம் ஒருக்காத் தட்டியிருக்கலாம்," என்றார்.

நாம் மன்னிப்புக் கேட்டோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் சொன்னார்: "மூண்டு புதன்தான் ஒளிச்சனான் சேர். அறுபத்தெட்டுப் புதன் கட்டினனான். அந்த அறுபத்தெட்டும் உங்கட கண்ணுக்குத் தெரியேல்லையோ?"

முதற்கடன் 52 கிழமை. இரண்டாங்கடனில் 16 கிழமை. ஒன்றுந் தவறவில்லை. பதினேழாவது கிழமையிலே தோட்டத்து மிளகாய் மழையில் அழிந்தது. அதன்பின் வந்தவையே ஒளித்த மூன்று புதன்களும். நாலாவது புதன் என்ன நடந்தது என்று நாம் கேட்டோம். கேட்டிருக்கவேண்டிய காலத்திலே கேளாத கேள்வியை ஓராண்டு பிந்திக் கேட்டோம்.

நடந்தது இது. குழுவிலிருந்த மற்ற நால்வரும் மூன்று கிழமை அவருடைய பங்கையுஞ் சேர்த்துக் கட்டியிருந்தனர். மூன்றாங்கிழமை மாலை அவர்கள் சண்டைக்கு வந்தனர். வாய்த்தர்க்கம் முற்றி அயலார் கூடினர். அப்பொழுது அவர்களுள் வயதில் மூத்தவர், "அவையள் வந்து எங்களைச் சண்டை பிடிக்க வைச்சிட்டுப் போகினம், நாங்கள் ஏன் பிடிக்கிறம்?" என்றாராம். நாலாவது புதன் ஐவரும் ஒரே முற்றத்தில் ஒன்றாயிருந்தனர். ஒரு கதவும் மூடப்படவில்லை. "எவ்வளவு தந்தனீங்கள், எவ்வளவு எடுத்தனீங்கள், இன்னும் எவ்வளவு எண்டு எங்களுக்கு விளங்குற தமிழில எழுதித் தாருங்கோ. அதுக்குப் பிறகு கட்டுறம்," என்றனர். வந்த ஊழியர் எழுதித் தரவில்லை. அடுத்த கிழமை மேலதிகாரி ஒருவர் வந்தார். இறுதியிலே தவணையை நீட்டினர். கிழமைக் கட்டு குறைந்தது. பெருவெற்றியன்று. அக்கடன் 2018இலேதான் தீர்ந்தது. அதற்காக ஒரு பசுவும் விற்கப்பட்டது. ஆயினும் ஐவரும் அதன்பின் ஒருவருக்கொருவர் பகைக்கவில்லை.

கடன் தீர்ந்தது ஒழிய ஏனைய யாவும் எமது நூல் அச்சேறுமுன்பே நடந்து முடிந்த சங்கதிகள். எமது வீட்டிலிருந்து இரண்டு மைல் தூரத்திலே, சைக்கிளிற் பத்து நிமிடத்திற் சென்று கேட்டிருக்கக்கூடிய சங்கதிகள். நாம் செல்லவில்லை. ஏனெனில் எமக்குக் கதை கிடைத்துவிட்டது.

இதனை எண்ணி எண்ணிப் பார்த்தோம். நாம் எம்மை யதார்த்தவாதி எனக் கருதிக்கொண்டவர். உழைக்கும் மக்களின் மொழியை எழுதினோம். அவர்களுடைய துயரை எழுதினோம். ஆனால் அவர்களுடைய எதிர்ப்பை எழுதவில்லை. இது தற்செயலன்று. அழும் பெண்ணைக் காட்டினாற் சபை நிசப்தமாகும். கணக்குக் கேட்கும் பெண்ணைக் காட்டினாற் சபையும் தன் கணக்கைப் பார்க்கவேண்டி வரும். இரக்கம் கொடுப்பவனை உயர்த்துகின்றது. பெறுபவனை இருந்த இடத்திலேயே இருத்துகின்றது. நுண்கடன் நிறுவனம் அப்பெண்ணிடமிருந்து வட்டி எடுத்தது. நாம் அவருடைய மூன்று புதன்களை எடுத்து எமக்குப் பெயர் தேடினோம். ஆளுக்கு ஆள் அளவு வேறு. செயலின் இயல்பு அத்துணை வேறன்று. இவ்வாறு எழுதுவது எமக்கு இன்பமாயில்லை. ஆயினுங் கணக்கென்று தொடங்கியபின் இத்தொகையை மறைத்தல் தகாது.

அந்த மாணவி மூன்று கிழமையின் பின் பாடசாலைக்குத் திரும்பினார். அதற்கு நாம் காரணரல்லோம். அவருடைய தாயே காரணம். கடைகளிலிருந்த பிரதிகளைத் திரும்பப் பெற்றோம், விற்பனையை நிறுத்தினோம். எரித்துவிடலாமா என்று அத்தாயிடம் வினவினோம். "புத்தகத்தை எரிக்கிறதே? எரிச்சது காணும்," என்றார். 1981இல் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தை அவர் கண்ணாற் கண்டவரல்லர். ஆனால் வடக்கிலே அச்சொல்லுக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. "முடிவை மாத்தி எழுதுங்கோ. நடந்ததை எழுதுங்கோ," என்றார். எழுதுவதாக வாக்களித்தோம். அவ்வாக்கு ஏழாண்டு நிலுவையிற் கிடந்தது.

அவ்வேழாண்டில் வாழ்வு தன்வழியே சென்றது. 2018இல் மணஞ்செய்தோம். மனைவியாரும் ஆசிரியரே, கணிதம் கற்பிப்பவர். மேலே சொன்ன வட்டிக் கணக்கை எமக்குத் திருத்தமாகச் செய்து காட்டியவர் அவரே. 2020இல் மகள் பிறந்தாள். அவ்வாண்டு மார்ச் 13இல் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. கல்வி கைத்தொலைபேசிக்குள் புகுந்துவிட்டதென்றனர். எமது வகுப்பிலோ பலருடைய வீட்டில் அக்கருவி இருக்கவில்லை. எட்டுப் பக்கச் சிறுவர் கதைகள் ஒன்பது எழுதி, ஒளிப்பிரதி எடுத்து, சந்திக் கடையிலே சீனி கட்டும் இடத்தருகே வைத்துவிட்டு வந்தோம். சாமான் வாங்க வருவோர் பிள்ளைகளுக்காக எடுத்துச் சென்றனர். அவற்றுக்கு விலையில்லை, அட்டையில்லை, பதிப்பெண்ணில்லை. எமது எழுத்து வாழ்க்கையின் மைல்கல் யாதெனக் கேட்பாருக்கு, அச்சேறிய நூலைவிட அவ்வொன்பது தாள்க்கட்டுகளையே காட்டுவோம். அவற்றை வாசித்தவர் எத்தனை பேரென எமக்குத் தெரியும். அவர்கள் எழுதிய மறுமொழிகள் அதே கடையில் எமக்காகக் காத்திருந்தன.

2022இல் இரண்டாம் பதிப்பை அச்சிட முனைந்தோம். அந்நியச் செலாவணி வற்றி, எரிபொருளுக்கு மைல்நீள வரிசைகள் நின்ற காலம். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் மேல் மாகாணத்திலே கடதாசியின்மையால் தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. நாளிதழ்கள் இரண்டு சனிக்கிழமை அச்சுப்பதிப்பை நிறுத்திவைத்தன. அச்சக உரிமையாளர் 300 பிரதிகளுக்கு 2,20,000 ரூபா என்று சொல்லி, "இந்த விலையும் இன்றைக்குப் பின்னேரம் மட்டுந்தான்," என்றார். நாம் திரும்பி வந்தோம். அன்று எமக்கொன்று விளங்கிற்று. எழுத்தாளனின் சுதந்திரம் என்று நாம் பேசுவது, கடதாசியை இறக்குமதி செய்யும் நாடொன்றின் கடன் கணக்கோடு பிணைந்து கிடக்கின்றது. முற்றத்திலிருந்த அப்பெண்ணுக்கு விளங்குந் தமிழிற் கணக்கு எழுதிக் கொடாதது போலவே, நாட்டின் கடனுக்கும் மக்களுக்கு விளங்கும் மொழியில் எவருங் கணக்கு எழுதிக் கொடுத்ததில்லை.

இறுதியிலே 2024இல் 150 பிரதிகள் மட்டும் அச்சிட்டோம். அதற்குமுன் புதிய கதையை எடுத்துச்சென்று, அதே முற்றத்தில், ஐந்து பெண்களுக்கும் உரத்து வாசித்தோம். சுருட்டுக் கொட்டிலில் எம் தந்தையார் கேட்டிருந்தது போல அவர்கள் நெல் புடைத்தபடியும் கீரை ஆய்ந்தபடியுங் கேட்டனர். ஒருவர், தாம் அன்று அவ்வளவு சத்தமாகப் பேசவில்லை என்றார், திருத்தினோம். மற்றொருவர், தாம் அதைவிடச் சத்தமாகப் பேசினேன் என்றார், அதனையுந் திருத்தினோம். தாய் ஒரேயொரு சொல்லை மறுத்தார். கதையிலே 'கடனாளி' என்று எழுதியிருந்தோம்.

"அப்பிடி எழுதாதேங்கோ சேர். கட்டினவள் எண்டு எழுதுங்கோ."

பல்கலைக்கழகத்திலே நாலாண்டு தொல்காப்பியச் சொல்லதிகாரம் பயின்றோம். ஒரு பெயர்ச்சொல்லுக்கும் ஒரு வினையாலணையும் பெயருக்கும் இடையே ஒருவருடைய மானம் நிற்கக்கூடும் என்பதை அம்முற்றத்திலே கற்றோம். 'கடனாளி' என்பது ஒருவர் மேல் ஒட்டப்பட்ட பெயர். 'கட்டினவள்' என்பது அவர் செய்த செயல்.

அந்த மாணவி இப்பொழுது ஒரு முன்பள்ளியிற் கற்பிக்கின்றார். புதிய பதிப்பின் ஒரு பிரதியை அவரிடங் கொடுத்தோம். நன்றி கூறி வாங்கிக்கொண்டார். இன்னும் வாசிக்கவில்லை என்று அண்மையிற் கண்டபோது சொன்னார். வாசிக்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. சில கடன்களைத் தீர்த்ததாகக் கடன்பட்டவனே பற்றுச்சீட்டு எழுதிக்கொள்ள முடியாது.

இனி, அன்பர்களின் ஏனைய கேள்விகள். இப்பொழுது எதில் ஈடுபட்டிருக்கின்றீர் என்பது ஒன்று. வன்னிக் கமக்காரரின் சொற்களைத் திரட்டி வருகின்றோம். காலபோகம், சிறுபோகம், துருசு, அலைகரை என்பன போன்றவை அகராதியில் உண்டு; ஆனால் ஒரு குளத்து நீரை வயல்களுக்குப் பங்கிடும்போது எழும் வழக்குகளையும், அவற்றைத் தீர்க்கும்போது வழங்குஞ் சொற்களையும் எந்த அகராதியிலுங் காணோம். ஒவ்வொரு சொல்லின் அருகிலும் சொன்னவரின் பெயரை, அவர் விரும்பினால் மட்டும், எழுதுகின்றோம். தட்டியபின் திறக்கும் பழக்கம் மெல்ல மெல்லக் கைவருகின்றது.

இரண்டாவதாக, சிங்களம் கற்கின்றோம். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களிலே ஓரிலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களுக்கு நிவாரணம் வழங்க அரசு முன்வந்தபோது, இது வடக்கின் துயர் மட்டுமன்றென்பது வெளிப்பட்டது. 2021ஆம் ஆண்டு மார்ச் 8ஆந் திகதி, மகளிர் தினத்தன்று, பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையிலே நுண்கடனாற் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகந் தொடங்கினர். அவர்கள் பேசிய மொழி சிங்களம். கேட்ட கணக்கோ எமது ஐந்து பெண்கள் கேட்ட அதே கணக்கு. அதனை அவர்களுடைய மொழியிலேயே வாசிக்கவேண்டுமென்ற விருப்பம் எம்மை மீண்டும் அரிச்சுவடிக்கு அனுப்பியுள்ளது. மகளும் நாமும் ஒரே மேசையில் எழுத்துப் பழகுகின்றோம். அவள் எம்மை முந்திவிட்டாள்.

மூன்றாவதாக, மாணவரின் கையெழுத்துச் சஞ்சிகை. தவணைக்கு ஓர் இதழ்; ஒரேயொரு பிரதி. அதற்கு மாணவர்களே ஒரு விதி வகுத்துள்ளனர். வீட்டையோ அயலையோ பற்றி எழுதினால், எழுதப்பட்டவருக்கு அதனை வாசித்துக் காட்டியபின்பே இதழிற் சேர்க்கவேண்டும். இவ்விதியாற் சில நல்ல கட்டுரைகள் வெளிவராமற் போயின என்பது உண்மை. ஆனால் ஒரு பாட்டனார் தம்மைப்பற்றிய கட்டுரையைக் கேட்டு, அதிற் பிழையென்று சொல்லி, தாமே நான்கு பக்கம் சொல்லியெழுதுவித்தார். அவ்வாண்டின் சிறந்த கட்டுரை அதுவே.

அடுத்த நூல் எப்பொழுதென்று கேட்டவருக்கு: கைப்பிரதி முடிவடையவில்லை. முடிந்ததும், கொழும்பிலுள்ள தேசிய நூலகத்துக்குப் பதிப்பெண் கோரி விண்ணப்பிப்பதற்கு முன்னர், எழுதப்பட்டோரிடம் அது செல்லும். அவர்கள் திருப்பித் தந்தபின்பே அச்சகத்துக்குப் போகும். ஆதலாற் காலம் குறிக்க முடியாதுள்ளது. பணம் எங்கிருந்து வருமென்று கேட்பின், மீண்டும் சீட்டுப் பிடிக்கத் தொடங்கியுள்ளோம் என்பதே விடை. எமது சீட்டுக் குழுவிலும் ஐந்து பேர். ஆனால் கணக்கை எல்லாருக்கும் விளங்குந் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கின்றோம்.

கட்டிலின் கீழுள்ள 112 பிரதிகளை விற்கப்போவதில்லை, எரிக்கப்போவதுமில்லை. வீடு மாறும்போதெல்லாம் அவற்றைச் சுமந்து செல்லுகின்றோம். "இந்தப் பாரம் எதற்கு?" என்று வண்டிக்காரர் கேட்பார். பழைய கடன் என்று சொல்லுவோம். எழுத முனையும் இளைஞர்க்கும் மாணவர்க்கும் எம்மிடமுள்ள அறிவுரை ஒன்றே: மக்களைப்பற்றி எழுதுங்கள், அவர்களுடைய மொழியில் எழுதுங்கள், ஆனால் எழுதுமுன் அவர்களுடைய கதவைத் தட்டுங்கள். உள்ளேயிருப்பவர் வந்து திறக்கும்வரை படலையடியிற் காத்து நில்லுங்கள்.